என் கண் பட்ட பூசணிக்காய்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என்னுடைய கண் பட்டுத்தான் பக்கத்து வீட்டுப் பூசணிக்காய் அழுகிப்போனது என்று நான் முழுதாக நம்பினேன். அறியாத வயதில் அல்ல. தலைமுடியில் பாதி போய், மிச்சம் நரைத்து, தொழிற்சாலையில் பாதுகாப்புப் பயிற்சி முடித்ததற்கான சான்றிதழ்கூடக் கையில் வைத்திருக்கிற வயதில்.

சம்பவம் நடந்தது போன இலையுதிர்காலம், டென்மார்க்கில் பிராண்டே என்கிற எங்கள் சின்ன ஊரில். ஒக்டோபர் வந்தால் இங்கே மரங்கள் ஒரு கிழமை, ஏழே நாள், மஞ்சளாக நிற்கும், அடுத்த கிழமை மொட்டையாக நிற்கும். அந்த இடைவெளியில் டெனிஷ்காரர் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மரத்தடியில் குனிந்தபடியே திரிவார்கள். நான் வந்த புதிதில், பாவம், இவ்வளவு பேருக்கும் வீட்டுக் கதவுத் திறப்புத் தொலைந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். அவர்கள் பொறுக்குவது கஸ்தானியாக் கொட்டை. பளபளவென்று மண்ணிறத்தில் இருக்கும், வாயில் வைக்க உதவாது. அதில் துளை போட்டு, தீக்குச்சியைச் செருகி, நாலு கால், ஒரு கழுத்து, ஒரு தலை என்று வைத்து மாடு, குதிரை, முள்ளம்பன்றி எல்லாம் செய்வார்கள். மாதக் கடைசியில் ஹாலோவீன் வரும். அதற்குப் பூசணிக்காயைக் குடைந்து பேய் முகம் வெட்டி வாசலில் வைப்பார்கள். நம் ஊரில் பேயை விரட்டப் பூசணிக்காயை உடைப்போம். இவர்கள் பூசணிக்காயையே பேயாக்கி உட்கார வைக்கிறார்கள். இதெல்லாம் எனக்கு வெறும் வேடிக்கையாகத்தான் இருந்தது, என் மகள் பிறக்கும்வரை.

மகள், நானும் மனைவியும் இனி இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு வந்து பிறந்தவள். மூன்று வயது இன்னும் முடியவில்லை. அவளைக் காலையில் விடுகிற வுகெஸ்டூவில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், மற்றப் பிள்ளைகளின் அப்பாமார் எல்லாம் சைக்கிளில் பறந்து வருகிற இளந்தாரிகள். முதல் நாளே ஓர் ஆசிரியை என்னைப் பார்த்து, "நீங்கள் அம்மப்பாவா?" என்று அன்பாகக் கேட்டார். அந்த அன்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அப்படி ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த நெஞ்சுக்குப் பக்கத்தில்தான் அந்தத் தம்பி குடிவந்தார். கோயம்புத்தூர்க்காரர். காற்றாலை இறக்கைகளை நான் தேய்த்துச் சரிபண்ணுகிறவன். அவர் அவற்றைக் கணினியில் வரைகிறவர். முப்பது வயது, தொப்பை கிடையாது. அவர் மனைவியும் தங்கமான பெண். அவர்களுடைய மகனும் என் மகளும் வுகெஸ்டூவில் ஒரே அறை. எனக்குத் தொழிற்சாலையிலும் மனைவிக்கு முதியோர் இல்லத்திலும் பின்னேர வேலை ஒன்றாக வந்துவிட்டால், அவர்கள்தான் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிவந்து பார்த்துக்கொள்வார்கள். ஒரு சதம் வாங்கமாட்டார்கள். இப்படிப்பட்ட மனிதர்மேல் பொறாமைப்பட எவ்வளவு கல்நெஞ்சு வேண்டும்! எனக்கு இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை மகள் ஒரு முள்ளம்பன்றியை மேசையில் கொண்டுவந்து வைத்தாள். களிமண் உருண்டை, அதன் முதுகு நிறையக் காய்ந்த இலைக்காம்புகள், கண்ணுக்கு இரண்டு மிளகு. அடுத்து, வெள்ளைச் சாயத்தில் அவளுடைய பாதத்தைத் தோய்த்துக் கறுப்பு மட்டையில் பதித்து, தலைகீழாகத் திருப்பிக் குதிக்கால் பக்கத்தில் இரண்டு கண் வைத்த ஒரு பேய். அந்தச் சின்னக் காலடியை விரலால் தடவிப் பார்த்தேன். அந்தக் காலைப் பிடித்துச் சாயத்தில் தோய்த்தது வேறொருவர் என்று நினைத்ததும் விரலை எடுத்துவிட்டேன்.

"ஆர் செய்தது, குஞ்சு?" என்று கேட்டேன்.

"மாமா," என்றாள். மாமா என்றால் அந்தத் தம்பி.

"அப்பாவும் செய்வன் தானே?"

அவள் என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்து, டெனிஷில் சொன்னாள்: "ஃபா கான் இக்கெ." அப்பாவுக்குத் தெரியாது. நான் தமிழில் கேட்டால் அவள் டெனிஷில்தான் மறுமொழி சொல்வாள். அது பழகிவிட்டது. ஆனால் அந்த மூன்று சொல்லும் தமிழில் விழுந்திருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது.

விடுவேனா? அன்றைக்கே இரண்டு பேரும் போய் ஒரு வாளி கஸ்தானியா பொறுக்கினோம். துளை போடுவதற்குக் கையால் திருகுகிற சின்ன ஊசி விற்கிறார்கள். இறக்கையில் வேலை செய்கிறவனுக்கு ஊசியா? நான் மின்சாரத் துளைகருவியை எடுத்தேன். முதல் கொட்டை துளைத்த வேகத்தில் பறந்துபோய் அலுமாரிக் கண்ணாடியில் பட்டது. இரண்டாவது என் நெற்றியில் பட்டது. மூன்றாவது இரண்டாகப் பிளந்தது. மகள் கைதட்டிச் சிரித்தாள். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். கடைசியில் மூன்று காலில் சாய்ந்து நின்ற ஒரு பசுவைச் செய்து முடித்து, பெருமையோடு அவள் முன்னால் வைத்தேன்.

"இது என்ன சொல்லுங்கோ பாப்பம்?"

அவள் தலையைச் சரித்து நன்றாகப் பார்த்தாள். "கார்டொஃபல்," என்றாள். உருளைக்கிழங்கு.

மனைவி குசினிக்குள் நின்று சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி ஊற்றுப்பட்டது. "ஏனப்பா அந்தப் பொடியனோட போட்டி போடுறியள்? அவர் படம் கீறுற வேலை. நீங்கள் உரஞ்சிற வேலை. அவரவர் தொழிலைப் பாருங்கோ."

கைவேலையில் தோற்றதைக்கூடத் தாங்கியிருப்பேன். சாப்பாட்டில் தோற்றதுதான் தாங்கவில்லை. எங்கள் வீட்டில் மகளுக்கு ஒரு பிடி சோறு இறக்குவது என்றால் அது ஒரு நாடகம். விரல் ஐந்தையும் குவித்து, சோற்றை உருட்டி, "கப்பல் வருது, கப்பல் வருது, வாசலைத் திறவுங்கோ" என்று கையைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். ஒருநாள் வாசல் திறக்கும், பத்துநாள் துறைமுகம் மூடியிருக்கும். அதற்குள் எனக்கு வேலைக்கு நேரமாகிவிடும். பக்கத்து வீட்டிலோ கதை வேறு. அந்தத் தம்பியின் மனைவி ஒருநாள் வெறுங்கிண்ணத்தைக் காட்டிச் சொன்னார்: "அண்ணா, உங்க பொண்ணு செம சமத்து. தயிர்சாதம் கொடுத்தா ஒரு பருக்கை மிச்சம் வைக்கறதில்ல. எங்களுக்கு ஊட்டற வேலையே இல்ல, போங்க."

நான் சிரித்தேன். பல்லைக் காட்டினால் சிரிப்புத்தானே. உள்ளே, என்னுடைய கப்பல் எல்லாம் வரிசையாகக் கடலுக்குள் தாண்டு போனது.

அவர்கள் வீட்டுக் கார் நிறுத்தும் கூரையின் கீழே ஒரு குட்டி மேசை போட்டிருந்தார்கள். சாயமும் பசையும் வீட்டுக்குள் சிந்தாமல் பிள்ளைகள் அங்கேதான் வேலை செய்வார்கள், டெனிஷ் வழக்கப்படி குளிருடுப்பு மாட்டி, அங்கேயே சாப்பிடவும் செய்வார்கள். அந்த மேசைக்குப் பக்கத்தில்தான், ஒக்டோபர் நடுவிலிருந்தே, பூசணிக்காய் வந்து உட்கார்ந்திருந்தது. என் மகளை உள்ளே வைத்து மூடலாம், அவ்வளவு பெரிசு. பிள்ளைகள் கரண்டியால் விதையைத் தோண்டினார்களாம், மாமா கத்தியால் முகம் வெட்டினாராம். மற்ற வீடுகளில் இருப்பதுபோல் கோணல் பல் இல்லை. வட்டக் கண், நன்றாகத் திறந்த வட்டமான வாய், இலையால் கோத்த கிரீடம். அது என்னைப் பார்த்து ஆவென்று நின்றது. மெழுகுதிரி ஹாலோவீன் அன்றுதான் ஏற்றுவது என்று மூடியை மூடியே வைத்திருந்தார்கள்.

ஒருநாள் வேலைக்குப் போகிற வழியில் அதன்முன் நின்றேன். சுற்றிலும் யாரும் இல்லை. என்னை அறியாமல் வாய்விட்டே சொல்லிவிட்டேன்: "சீ, என்ன மாதிரி வெட்டியிருக்கிறான் பார்!" ஒரு பெருமூச்சும் விட்டேன். அந்த மூச்சின் சூட்டில் ஒரு பாண் ரொட்டியை வேகவைத்திருக்கலாம்.

என் கண்ணைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் அதற்கு ஒரு பேர் உண்டு. மச்சான் புதுக் கார் வாங்கியபோது "வடிவான கார்" என்றேன். அந்தக் கிழமையே மான் குறுக்கே பாய்ந்தது. மனைவியின் சிநேகிதி கண்ணாடிக்கூட்டுக்குள் பாகற்கொடி வளர்த்தார், "நல்லாக் காய்ச்சிருக்கு" என்றேன், கொடி பட்டுப்போனது. சிரித்துப் பகிடியாகத்தான் சொல்வார்கள். ஆனாலும் தங்கள் வீட்டுப் பிள்ளைகளை என்னிடம் காட்டும்போது கொஞ்சம் பக்கவாட்டில்தான் பிடிப்பார்கள்.

நான் பெருமூச்சு விட்டுச் சில நாட்களில் பூசணிக்காயின் முகம் உள்ளே விழத் தொடங்கியது. கன்னம் ஒடுங்கி, வாய் சுருங்கி, பல்லுக் கழற்றிய கிழவர்போல் ஆனது. வெள்ளிக்கிழமை காலை பார்த்தால் ஒரு பக்கம் முழுதாகக் குந்திவிட்டது. அடுத்த வீதியில், அடுத்த வீட்டில், எல்லா இடத்துப் பூசணிக்காயும் நிமிர்ந்துதான் நின்றன. இது மட்டும்தான் விழுந்தது. சரி, காய்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டிருக்க, பின்னேரம் அந்தத் தம்பியிடமிருந்து தகவல் வந்தது: "அண்ணா, பையனுக்கு நல்ல காய்ச்சல். நாளைக்கு அக்கா டியூட்டிக்குப் போனா பாப்பாவை நீங்க பாத்துப்பீங்களா?"

தகவலை இரண்டாம் தரம் வாசித்தேன். பூசணிக்காய் என்ன பாவம் செய்தது? அந்தப் பிள்ளை என்ன செய்தது? மனைவியிடம் சொன்னேன். அவள் காலில் கிடந்த சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "நான் அப்பவே சொன்னனான், உங்கட கண்ணுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிப் போடுங்கோ எண்டு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்குப் பகிடி. எனக்குத் தீர்ப்பு.

சனிக்கிழமை அவள் வேலைக்குப் போனதும் பரிகாரத்தில் இறங்கினேன். கண்ணூறு கழிக்க என்னென்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும்: காய்ந்த செத்தல் மிளகாய், உப்பு, பிறகு கண் வைத்தவரின் காலடி மண். மற்ற ஆட்களுக்கு இந்த மூன்றாவதுதான் கஷ்டம். சந்தேகப்படுகிற ஆளின் பின்னாலேயே போய் அவர் அறியாமல் அள்ள வேண்டும். எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. என்னுடைய வேலைச் சப்பாத்தைக் கவிழ்த்துப் பிடித்து, கரண்டியால் நானே சுரண்டினேன். வந்தது பாதி மண், பாதி தொழிற்சாலைத் தூசு. அதுவும் நான் மிதித்ததுதானே என்று சேர்த்துக்கொண்டேன். மகள் பக்கத்தில் குந்தியிருந்து, இதுவும் ஒரு கைவேலைதான் என்று நினைத்து, தன்னுடைய குட்டிச் சப்பாத்தையும் கவிழ்த்துத் தந்தாள்.

காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையைச் சுற்ற முடியாது. கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். அதனால் பூசணிக்காயைச் சுற்றுவது என்று முடிவெடுத்தேன். மிளகாயும் மண்ணும் பொத்திய கையோடு, அந்தக் கூரையின் கீழே, குந்திப்போன பூசணிக்காயை நான் வலமும் இடமுமாகச் சுற்ற, பின்னால் என் மகளும் கையைப் பொத்திக்கொண்டு சுற்ற, வீதியில் நாயோடு போன ஒரு டெனிஷ் அம்மா நின்றுவிட்டார்.

"ஹாலோவீன்?" என்று கேட்டார்.

"யா, யா, ஹாலோவீன்," என்றேன்.

"எவ்வளவு அழகு! இப்படிப் பிள்ளையோடு சேர்ந்து செய்கிற அப்பாமார் குறைவு," என்று டெனிஷில் மனதாரப் பாராட்டிவிட்டுப் போனார். அந்த இலையுதிர்காலம் முழுவதும் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

சுற்றியதை எரிக்க வேண்டும். வீட்டுக்குள் எரித்தால் புகை எச்சரிக்கை மணி அடிக்கும் என்பதால், பின்வளவில் இறைச்சி சுடுகிற அடுப்பை மூட்டி, மகளைக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் நெருப்பில் கொட்டினேன். நாங்கள் இருக்கிற யூலாந்துப் பக்கத்துக் காற்றை நான் கணக்கில் எடுக்கவில்லை. அது எப்போதும் அடிக்கிற காற்று. அதை நம்பித்தானே எங்கள் தொழிற்சாலையே நடக்கிறது. மிளகாய்ப் புகையை அப்படியே அள்ளிக்கொண்டுபோய், காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் காற்றோட்டம் வேண்டுமென்று திறந்து வைத்திருந்த பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் கொட்டியது. முதலில் ஓர் இருமல். பிறகு மூன்று இருமல். பிறகு எங்கேயோ ஒரு நாயும் தும்மியது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு அந்தத் தம்பி வேலிக்கு வந்தார்.

"என்னண்ணா வறுக்கறீங்க? வீடு முழுக்க நெடி!"

"ஒண்டுமில்லைத் தம்பி. சும்மா... மிளகாய்."

அவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "இது சமையல் இல்லையே. திருஷ்டி கழிக்கறீங்களா?"

"ஓம்."

"யாருக்கு? பாப்பாவுக்கா?"

"இல்லை. உங்கட மகனுக்கு. பூசணிக்காய்க்கும் சேர்த்து."

"யார் கண்ணு பட்டுச்சு?"

வகுப்பில் பிடிபட்ட பெடியன்போல் கையை மெல்ல உயர்த்தினேன். அவர் என் கையைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். எனக்கு வேறு வழி இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். முள்ளம்பன்றி, பாதப் பேய், உருளைக்கிழங்கு, வெறுங்கிண்ணம், பெருமூச்சு எல்லாம். சொல்லச் சொல்லக் கண்ணில் நீர் வந்தது. மிளகாயால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"தம்பி, நீங்கள் எல்லாம் செய்யிறியள். அவள் உங்களோடதான் சிரிக்கிறாள், உங்கட வீட்டிலதான் சாப்பிடுறாள். எனக்கு உருளைக்கிழங்குதான் செய்யத் தெரியுது," என்று முடித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. வேலிக்கு மேலால் எட்டிப் புகையை இன்னொரு தரம் மோந்து பார்த்தார். பிறகு, "அண்ணா, இவ்ளோ நெடி வருதே. உண்மையிலேயே திருஷ்டி இருந்தா மிளகா நெடியே வராதுன்னுதானே சொல்வாங்க? அப்போ உங்க கண்ணுல ஒண்ணும் இல்ல," என்றார். பதற்றத்தில் அதை நான் மறந்தே போயிருந்தேன். இவ்வளவு காலம் குடும்பமே பயந்த என்னுடைய கண்ணுக்கு ஒரு வலுவும் கிடையாது என்று அன்றைக்குத்தான் நிரூபணமானது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"வாங்க, அந்தக் காயத் தூக்கிப் போட்டுட்டு வந்திரலாம்," என்று கூப்பிட்டார். மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் மண்வாரியைக் கொடுத்துத் தூக்க, அடிப்பாகம் பொத்தென்று பிய்ந்து விழுந்தது. ஒரு புளித்த வாடை வந்தது. உள்ளே நிலம் தெரியாமல் சோறு. தயிர்ச்சோறு. பூஞ்சணம் பிடித்து, பச்சையும் சாம்பலுமாய், அதில் கரட் துண்டு, பாதி இட்லி, பருப்பு.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு இரண்டு பேரும் கீழே நின்ற மகளைப் பார்த்தோம்.

"ஆர் இதுக்குள்ள சோறு போட்டது?" என்று கேட்டேன்.

"மை!" என்றாள் மகள். நான்தான்.

"ஏன் குஞ்சு?"

"டென் வா சூல்டன்." அதற்குப் பசித்தது.

அவளுக்கு நாங்கள் நம்பவில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். எப்படி என்று காட்ட, பூசணிக்காயின் முன்னால் குந்தினாள். ஐந்து விரலையும் குவித்தாள். வெறுங்கையைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோய் அந்தப் பொக்கை வாய்க்குப் பக்கத்தில் நிறுத்தினாள். எனக்கு ஒருநாளும் தமிழில் மறுமொழி சொல்லாத என் மகள், அந்த அழுகல் காயைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்:

"கப்பல் வருது... கப்பல் வருது... வாசலைத் திறவுங்கோ."

அந்தத் தம்பி மண்வாரியைக் கீழே வைத்துவிட்டார். "இது நாங்க சொல்லிக் கொடுத்ததில்லண்ணா," என்றார்.

அன்று மத்தியானம் நாங்கள் இன்னொரு கைவேலை செய்தோம். அந்தத் தம்பி ஒரு சின்னப் பூசணிக்காயைக் கொண்டுவந்து, "இதுக்கு முகம் நீங்க போடுங்கண்ணா," என்று தந்துவிட்டுப் போனார். கத்தி வேண்டாம் என்று நானும் மகளும் சாயத்தால்தான் வரைந்தோம். கண் ஒன்று மேலே, ஒன்று கீழே. வாய், மூடிய வாய்; அதில் மட்டும் நான் கவனமாக இருந்தேன்.

இன்றைக்கும் வேறு யாராவது என் மகளைச் சிரிக்க வைத்தால் வயிறு எரியத்தான் செய்கிறது. அதற்கு மருந்து கிடையாது. ஆனால் எரியும்போதெல்லாம் அந்தக் குவிந்த ஐந்து விரல் ஞாபகம் வரும். நான் தோற்றதாக நினைத்த இடத்தில் அவள் என்னைப் பார்த்துத்தான் அப்படியே செய்துகொண்டிருந்தாள் என்று நினைக்க, எரிவு கொஞ்சம் அடங்கும்.

மற்றபடி நடந்தது இவ்வளவுதான். அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் தொற்றியது எங்கள் வீட்டிலிருந்து, கண் வழியாக அல்ல, அதற்கு முந்தின கிழமை என் மகளுக்கு ஓடிய மூக்கு வழியாக. பூசணிக்காய் அழுகியது, அதன் வயிற்றில் இரண்டு கிழமைத் தயிர்ச்சோறு கிடந்ததால்.